மே இருபத்து மூன்றாம் தேதி பிறந்தவர்கள்

எங்கள் ஆஸ்பத்திரியில் சீட்டம்மாவுக்கும் எனக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் அவர் நோயாளிகளுக்குச் சீட்டு எழுதுவார். இந்தப் பக்கம் நான் மருந்து கொடுப்பேன். பத்தொன்பது வருஷமாக அவர் தும்முவதும், பேனாவைத் தேடுவதும், ஜன்னலில் முண்டியடிப்பவர்களை அதட்டுவதும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நான் முணுமுணுப்பது அவருக்குக் கேட்கும். நான் கொஞ்சம் அதிகமாகவே முணுமுணுக்கிறவன்.

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒழுங்கான பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் பெரிய டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவர் சீட்டம்மாதான். ஐம்பத்தேழு வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய அக்காவும் செய்துகொள்ளவில்லை. இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மூன்றாவது தெருவில், மாடியில் ஒரு வீட்டில் இருக்கிறார்கள். அக்கா தையல் வேலை செய்கிறார். சீட்டம்மா போட்டுக்கொண்டு வரும் அத்தனையும் அக்கா தைத்தது. தையல் பிரிந்து நான் பார்த்ததே இல்லை.

சீட்டம்மா வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நடந்ததை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். அப்போது ஜன்னலில் தலைமை எழுத்தர் ஒருவர் இருந்தார். பதிவேட்டில் பெயர், வயது, பிறந்த தேதி என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டம் காலியாக இருந்தால் மேலிடத்திலிருந்து சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கையில் கொதிக்கும் தண்ணீர் கொட்டிய ஒரு பெண் வந்தாள். பிறந்த தேதி தெரியவில்லை. "போய் விசாரிச்சுக்கிட்டு வாம்மா" என்று அனுப்பிவிட்டார் அந்த மனிதர். அவள் மூன்று நாள் சொந்தக்காரர்கள் வீடு வீடாக அலைந்து, தேதி கிடைக்காமல், கை வீங்கிச் சீழ் வைத்துத் திரும்பி வந்தாள். தலைமை எழுத்தர் டீ குடிக்கப் போயிருந்த நேரம். சீட்டம்மா பேனாவை எடுத்து மூன்றாவது கட்டத்தில் 'மே 23' என்று எழுதி உள்ளே அனுப்பிவிட்டார்.

அது அவருடைய சொந்தப் பிறந்தநாள். அவசரத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே தேதி அதுதான். அன்றிலிருந்து யார் தெரியாது என்று சொன்னாலும் மே 23 தான். வருஷத்தை மட்டும் வயதைக் கொண்டு கழித்துப் போட்டுவிடுவார்.

நான் வந்த புதிதில் இதைக் கண்டுபிடித்துச் சண்டைக்குப் போனேன்.

"தெரியலைன்னா தெரியலைன்னு எழுதணும். இது என்னங்க, வாய்க்கு வந்த தேதியப் போடறது?"

"தெரியலைன்னு எழுதினா மேல இருந்து திருப்பி அனுப்பறாங்க. மே இருபத்து மூணுன்னு எழுதினா மருந்து குடுக்கறாங்க. உங்களுக்கு வேணும்னா நீங்க வந்து இந்த ஜன்னல்ல உக்காருங்க."

"பொய் பொய்தான்."

"நல்ல நாளுங்க. இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு காய்ச்சல்கூட வந்ததில்ல. எடுத்துக்கிட்டுப் போகட்டுமே."

எனக்குக் கோபம் இரண்டு மடங்காயிற்று. அன்றைக்கு அவருக்கு எதிரில் நின்று மாத்திரை எண்ணி எண்ணித் தப்பாக எண்ணினேன்.

இதோடு நின்றிருந்தால் எங்கள் ஆஸ்பத்திரியோடு போயிருக்கும். பதினைந்து வருஷத்துக்கு முன்னால், சீட்டம்மா எழுதிய பதிவேடு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்பதை மேலிடத்தில் யாரோ கவனித்துவிட்டார்கள். மண்டலத்தில் எங்களுடையது போக மீதிப் பத்து ஆஸ்பத்திரிகளின் சீட்டு எழுத்தர்களுக்கும் இரண்டு நாள் வகுப்பு எடுக்கச் சொல்லி அவரை அனுப்பினார்கள். அவர் ஒளிவு மறைவு இல்லாமல் தன் தொழில் ரகசியத்தைச் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தார். பத்து பேரும் நோட்டில் எழுதிக்கொண்டார்களாம். ஒருவர் அடிக்கோடு வேறு போட்டாராம்.

அப்புறம்தான் சுகாதாரச் சீர்திருத்தம் வந்தது. பதினோரு ஆஸ்பத்திரிகளின் பதிவேடுகளையும் ஒரே கணினியில் ஏற்றுவது. எந்த ஊரில் எந்த நோய் என்று பார்த்து அதற்குத் தகுந்தபடி டாக்டரும் மருந்தும் படுக்கையும் அனுப்புவது. நல்ல யோசனைதான். நான்கூட முணுமுணுக்கவில்லை. இதற்குப் பொறுப்பாக மண்டல அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஒருவருக்கே இரண்டு பதிவு இருக்கக் கூடாது என்பதுதான் அவருடைய லட்சியம். எந்தக் கூட்டத்தில் பேசினாலும் கடைசியில் விரல்களை வட்டமாகச் சேர்த்துக் காட்டி, "இரட்டைப் பதிவு, பூஜ்யம்!" என்று முடிப்பார். அவருக்குப் பூஜ்யம் சார் என்று பெயர் வைத்தது நான்தான். அதற்காக நான் வருத்தப்படவில்லை.

முப்பத்தோரு வருஷப் பதிவேடுகளையும் ஏற்றி முடித்தார்கள். அடுத்த மே 23 காலை ஒன்பது மணிக்கு, மண்டலத்தில் நாற்பதாயிரத்துச் சொச்சம் பேருக்கு ஒரே நேரத்தில் கைபேசியில் செய்தி வந்தது: 'மண்டல சுகாதார அலுவலகத்தின் இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்.' எங்கள் காத்திருப்புக் கூடத்தில் மட்டும் ஐம்பது கைபேசிகள் ஒன்றாகக் கத்தின. ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்து, "அட, உங்களுக்குமா?" என்று கை குலுக்கினார். தடுப்புக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். சீட்டம்மா முத்திரைப் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"சொல்லிடலாமா?" என்றார் மெதுவாக.

"சொல்லித்தான் ஆகணும். நான் அப்பவே சொன்னேன்."

"அப்ப சொன்னதையே இப்பவும் சொல்லாதீங்க."

அவர் தைரியத்தைத் திரட்டுவதற்குள் மண்டல அலுவலகம் முந்திக்கொண்டது. நாற்பதாயிரம் பேர் ஒரே தேதியில் பிறந்திருக்கிறார்கள் என்றால் அதற்கு ஒன்பது மாதம் முன்னால், ஆகஸ்ட் கடைசி வாரத்தில், இந்த மண்டலத்தில் ஏதோ நடக்கிறது என்று முடிவு செய்தார்கள். மூன்று பேர் கொண்ட ஆய்வுக் குழு வந்தது. எழுபது வயதுக் கிழவர்களை உட்கார வைத்து, உங்கள் அம்மா அப்பாவுக்கு ஆகஸ்டில் வேலை குறைவா, மழை உண்டா, மின்சாரம் போகுமா என்று கேட்டார்கள். ஒரு கிழவர் எழுந்து அடிக்கவே போய்விட்டார். குழு அதையும் குறித்துக்கொண்டது.

அடுத்த வருஷம் மே 23-க்கு ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஆறு பிரசவ நர்சுகளும் பன்னிரண்டு தொட்டில்களும் கூடுதலாக வந்து இறங்கின. அன்றைக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் வலி எடுத்து வந்தது ஒரே ஒரு பெண். ஆறு நர்சுகளும் அவளைச் சுற்றி நின்றுகொண்டு ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். பிள்ளைக்கு என்ன தோன்றியதோ, உள்ளேயே இருந்துவிட்டு இருபத்து நான்காம் தேதி பிறந்தது. பதினொரு தொட்டில்கள் இன்னும் என் மருந்தறையில்தான் கிடக்கின்றன. பஞ்சும் கட்டுத்துணியும் அதில் போட்டு வைத்திருக்கிறேன்.

இவ்வளவுக்கும் நாங்கள் சிரித்தோம். சிரிப்பு நின்றது பூஜ்யம் சார் தன் லட்சியத்தை நிறைவேற்றிய வாரத்தில்.

ஒரே பெயர், ஒரே பிறந்த தேதி, இரண்டு பேரும் பெண் என்றால், அது ஒரே ஆள் இரண்டு இடத்தில் பதிந்துகொண்டது என்று அவர் கணினிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார். தேதி எல்லோருக்கும் மே 23. வருஷமாவது மாறாதா என்றால், பிறந்த தேதி தெரியாதவர்களிடம் வயதைக் கேட்டால் ஐந்திலோ பத்திலோதான் முடியும். அறுபது, அறுபத்தைந்து, எழுபது. அக்காவின் பெயரோ, அந்தக் காலத்தில் தெருவுக்கு நாலு பெண்ணுக்கு வைத்த பெயர். ஆக, அறுபத்தைந்து வயதில் அந்தப் பெயரில் இருந்த நூற்றுப் பதினாறு பெண்கள் ஒரே இரவில் ஒரே பெண்ணாகிவிட்டார்கள். அதில் சீட்டம்மாவின் அக்காவும் ஒருவர். அக்காவுக்கும் தன் பிறந்த தேதி தெரியாது. சீட்டம்மா அவருக்கும் மே 23 தான் போட்டிருந்தார்.

அந்த ஒரு பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவளுக்கு நாலு வகை ரத்தம். முந்நூற்று எண்பது பிள்ளைகள். ஒன்பது தடவை இறந்திருக்கிறாள். ஆனாலும் மாதா மாதம் சர்க்கரை மாத்திரை வாங்குகிறாள். உயரம் வாரத்துக்கு வாரம் மாறும். ஒரே காலையில் பதினோரு ஊர் ஆஸ்பத்திரியிலும் வரிசையில் நின்றிருக்கிறாள். அந்த நூற்றுப் பதினாறு பேரில் யார் என் ஜன்னலுக்கு வந்தாலும் நாற்பத்தோரு மருந்துகள் அச்சாகி வரும். ரத்த அழுத்தத்தைக் கூட்டுவதற்கு ஒன்று, குறைப்பதற்கு மூன்று. நான் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, "உங்களுக்கு என்னம்மா செய்யுது?" என்று வாயால் கேட்டுக் கொடுப்பேன். இத்தனை தடவை ஆஸ்பத்திரிக்கு வருவது மனக்கோளாறு என்று மண்டல அலுவலகம் முடிவு செய்து, ஆலோசகர் ஒருவரை அக்காவின் வீட்டுக்கே அனுப்பியது. அக்கா அதுவரை ஆஸ்பத்திரிக்கு வந்தது மொத்தம் இரண்டு தடவை. ஒரு மணி நேரம் அவர் சொன்ன புத்திமதியைக் கேட்டுவிட்டு, அவருடைய சட்டையில் அறுந்திருந்த பொத்தானைத் தைத்துக் கொடுத்து அனுப்பினார்.

அந்த மாதம்தான் அக்காவுக்கு வலி வந்தது. வலது விலாவுக்குக் கீழே. சாப்பிட்டதும் பிடித்துக்கொண்டு முதுகு வரை போகும். தையல் மெஷின் மேலேயே கவிழ்ந்து கிடந்தாராம். ஸ்கேனில் பித்தப்பை நிறையக் கல். அறுவை டாக்டர் பதினோரு ஆஸ்பத்திரிக்கும் முறை வைத்து வருகிறவர். எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு வாரம். அந்த வாரம் அவர் இங்கே இருந்தார்.

"வெள்ளிக்கிழமை எடுத்துடலாம்" என்றார் சீட்டம்மாவிடம். "வீங்கியிருக்கு. அடுத்த முறை நான் வர்ற வரைக்கும் தாங்காது. உள்ளயே வெடிச்சா உயிருக்கே ஆபத்து."

திங்கட்கிழமை கணினியில் பதியப் போனார்கள். சிவப்புக் கட்டம் வந்தது: 'இந்த நோயாளியின் பித்தப்பை ஏற்கெனவே அகற்றப்பட்டுள்ளது.' நூற்றுப் பதினாறு பேரில் நாலு பேருக்கு எடுத்திருந்தார்கள். டாக்டர் ஸ்கேன் படத்தைக் கணினித் திரைக்கு முன்னால் தூக்கிப் பிடித்து, "இதோ இருக்கு பாரு!" என்று கத்தினார். அது பார்க்கவில்லை. அவசரம் என்ற பொத்தானை அழுத்தினார். இல்லாத உறுப்பை அவசரமாகவும் அகற்ற முடியாது என்று வந்தது.

சீர்திருத்தத்தில் என் அறைக்கு ஓர் அலமாரி கொடுத்திருந்தார்கள். மயக்க மருந்தெல்லாம் அதற்குள். கணினி அனுமதிச் சீட்டு அச்சடித்தால்தான் பூட்டு திறக்கும். டாக்டர் நேராக என்னிடம் வந்தார். அலமாரியைப் பார்த்தார். மூலையில் கிடந்த சுத்தியலைப் பார்த்தார்.

"உடைச்சுடலாமா?"

"உடைச்சா அலாரம் அடிச்சு, பதினோரு ஆஸ்பத்திரி அலமாரியும் பூட்டிக்கும் சார். அப்படித்தான் செஞ்சு வச்சிருக்காங்க."

வேறு ஊருக்குக் கொண்டுபோகலாம் என்றால் பதினோரு ஊரிலும் இதே கணினி. மண்டலத்தைத் தாண்டிப் போவதென்றால் எட்டு மணி நேரப் பயணம். அந்த உடம்போடு முடியாது என்றார் டாக்டர். சீட்டம்மா கேட்டுக்கொண்டே நின்றார். டாக்டர் போன பிறகு என்னிடம் சொன்னார்: "எங்க அக்காவ நானே கொன்னுட்டேன்." எனக்கு அப்போது, நான் அப்பவே சொன்னேன் என்று சொல்லத் தோன்றவில்லை. தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

அன்று மாலையே சீட்டம்மா பூஜ்யம் சாருக்குப் போன் செய்து, முதல் தேதியிலிருந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வேலை போகட்டும் என்றார். அந்தப் பக்கத்திலிருந்து அந்த மனிதர் கேட்டார்: "அப்ப ஆகஸ்ட்ல ஒண்ணும் நடக்கலையா?"

"இல்ல சார்."

"அறிக்கை அச்சுக்குப் போயிடுச்சேம்மா."

"சார், வெள்ளிக்கிழமைக்குள்ள எங்க அக்காவைப் பிரிச்சுக் குடுங்க. அப்புறம் என்னை என்ன வேணா செய்ங்க."

"பிரிக்கலாம். நோயாளி நேர்ல வந்து சம்மதம் சொல்லணும்."

"அழைச்சுக்கிட்டு வரேன் சார்."

"உங்க அக்கா நோயாளியோட ஒரு பகுதிதான். முழு நோயாளியும் வரணும்."

அவர் கெட்டவர் இல்லை. அவர் செய்து வைத்தது அவர் பேச்சையே கேட்காத நிலைமைக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான். அங்கிருந்தே பொத்தானை அழுத்தினார். 'நீங்கள் புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரவும்' என்று நோயாளிக்குச் செய்தி போயிற்று. நூற்றுப் பதினாறு கைபேசிகளுக்குப் போயிற்று.

செவ்வாய் முழுக்க சீட்டம்மா ஒவ்வொரு எண்ணுக்கும் போன் போட்டுக் கெஞ்சினார். தொண்டை கட்டிப்போய்க் கடைசி முப்பது பேருக்கு நான் பேசினேன். நான் கெஞ்சியதை என் மனைவி கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

புதன்கிழமை நோயாளி வந்துவிட்டாள். பஸ்ஸில் வந்தாள், ஆட்டோவில் வந்தாள், மகன் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்தாள். நூற்றேழு பெண்கள். இறந்துபோன ஒன்பது பேருக்குப் பதிலாக மகனோ மகளோ சான்றிதழோடு வந்தார்கள். கூடம் கொள்ளவில்லை. டோக்கன் இயந்திரம் ஒரே ஒரு டோக்கன்தான் கொடுத்தது. திரையில் 'எண் 1' என்று வந்ததும் கூடமே எழுந்து நின்றது.

காவலாளி கையை விரித்து மறித்தார். "ஒருத்தர் மட்டும் வாங்கம்மா!"

"நாங்க ஒருத்தர்தாம்ப்பா" என்றாள் முன்னால் நின்ற பெண். "உள்ள விடு. கால் வலிக்குது."

"எனக்குமா வலிக்குது? எனக்கு எந்தக் கால்னு எழுதியிருக்கு?" என்றாள் பின்னால் இருந்தவள். கூடம் சிரித்தது.

பூஜ்யம் சார் மேஜை போட்டு உட்கார்ந்தார். பிறந்த தேதியைத் திருத்தினால்தான் ஆள் பிரியும். சரியான தேதி யாருக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "வேற வேற தேதியா இருந்தாப் போதும். கணினிக்கு அதுக்கு மேல தெரியாது" என்றார். இரட்டைப் பதிவை ஒழிக்க வந்த மனிதர் நூற்றுப் பதினைந்து பொய்த் தேதிகளைத் தன் கையாலேயே கொடுக்கத் தயாரானார். தடுப்புக்கு மேலாக நான் சீட்டம்மாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நல்ல வேளை.

சுவரில் நாட்காட்டியின் பன்னிரண்டு தாள்களையும் பிரித்து வரிசையாக ஒட்டினார் சீட்டம்மா. ஒருவர் தேதி எடுத்ததும் அதை அடித்துவிடுவார். துணிக்கடையில் தள்ளுபடி போட்ட மாதிரி ஆகிவிட்டது கூடம்.

"எனக்கு ஞாயித்துக்கிழமையா பாத்துக் குடும்மா."

"பிறந்த தேதிக்குக் கிழமை வருஷா வருஷம் மாறும்மா."

"அப்ப எதுக்குத்தான் எடுக்கறது?"

"வெயில் காலம் வேண்டாம். எனக்கு வெயில் ஆகாது."

"எங்கம்மா செத்து நாலு வருஷமாச்சுங்க. அவங்களுக்கும் எடுக்கணுமா?"

"எடுங்க. இல்லைன்னா உங்கம்மா இங்க யாரையாவது சேத்துக் கூட்டிக்கிட்டுப் போயிடுவாங்க."

அந்த மகன் பயந்துபோய் அம்மாவுக்கு உடனே ஒரு பிப்ரவரித் தேதியை எடுத்தார். இரண்டு பெண்கள் டிசம்பர் மூன்றுக்குச் சண்டை போட்டு, பிறகு ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்து, கடைசியில் இரண்டு பேருமே அதை எடுக்கவில்லை.

அக்கா சுவரோரம் நாற்காலியில் விலாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சீட்டம்மா நாலு தடவை போய்க் கூப்பிட்டார்.

"நீ முதல்ல வாக்கா. உனக்காகத்தானே இவ்வளவும்."

"இருடி. அவங்கள்லாம் பஸ் பிடிக்கணும். எனக்கு வீடு பின்னாலதானே இருக்கு."

ஐந்து மணிக்குக் கூடம் காலியாயிற்று. பூஜ்யம் சாரின் கண் சிவந்திருந்தது. "கடைசி ஆள். சொல்லுங்கம்மா, என்ன தேதி?"

"மே இருபத்து மூணு" என்றார் அக்கா.

சீட்டம்மா பேனாவைப் போட்டுவிட்டார். "அக்கா! அதுல இருந்து வெளிய வரத்தானே காலைல இருந்து இந்தப் பாடு!"

"எல்லாரும்தான் வெளிய போயிட்டாங்களே. காலியாத்தானே கிடக்கு?"

பூஜ்யம் சார் தட்டிப் பார்த்தார். உண்மைதான். அந்தப் பெயரில், அந்த வயதில், அந்தத் தேதியில் இப்போது யாரும் இல்லை.

"ஆனா அது என் தேதிக்கா" என்றார் சீட்டம்மா. குழந்தை மாதிரி இருந்தது அவர் குரல்.

"உன் தேதியா? நான் குடுத்ததுடி அது." அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார். "உன்னைப் பள்ளிக்கூடத்துல சேர்க்க நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன். அப்பாவும் அம்மாவும் வேலைக்குப் போயிட்டாங்க. பிறந்த தேதி சொல்லு, இல்லைன்னா அடுத்த வருஷம் வான்னுட்டார் வாத்தியார். அவருக்குப் பின்னால கரும்பலகை. அதுல அன்னிக்குத் தேதி எழுதியிருந்துச்சு. அதைப் பார்த்துப் படிச்சுட்டேன். வருஷத்தை மட்டும் விரல் விட்டுக் கழிச்சேன்."

சீட்டம்மா உட்கார்ந்துவிட்டார். "அப்ப நான் நாப்பதாயிரம் பேருக்குக் குடுத்தது?"

"பலகைல இருந்ததுதான்."

"ஏன்க்கா இத்தனை வருஷமா சொல்லல?" அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது.

"அந்தத் தேதி வந்தா புதுத் துணி வேணும்னு ஒரு மாசம் முன்னாலயே நிப்ப. நான் தைச்சுக்கிட்டிருப்பேன். அப்ப போய் பொய்னு சொல்வாங்களா யாராவது?"

"அப்ப நான் எப்பத்தான் பொறந்தேன்?"

"நல்ல குளிர். விடியற நேரம். தேதி யாருடி பார்த்தா? நீ அழவே இல்ல. எல்லாரும் உன்னைத்தான் பார்த்துக்கிட்டிருந்தோம்."

பூஜ்யம் சார் மூக்கைச் சிந்திவிட்டு மே 23 என்று தட்டினார். நோயாளி பிரிந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அந்தத் தேதியைத் தெரிந்தே கேட்டு வாங்கிக்கொண்ட முதல் ஆள் அக்காதான்.

வெள்ளிக்கிழமை காலை என் அறையில் அச்சு இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பியது. ஒரு பெயர், ஒரு ரத்த வகை, ஒரு பித்தப்பை. அலமாரி 'டக்' என்று திறந்தது. எனக்கு அந்தச் சத்தம் அவ்வளவு பிடித்துப்போகும் என்று நினைக்கவில்லை. எட்டரைக்கு அக்காவை உள்ளே கொண்டுபோனார்கள்.

சீட்டம்மா அன்றைக்கு விடுப்பு. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பத்து மணி வரை கதவு திறக்கவில்லை. ஒரு மணி நேரத்தில் முடியும் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். பத்தரைக்கு நர்ஸ் அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்து, திட்டி, மாத்திரை வாங்க என் ஜன்னலுக்கு அனுப்பினார். வாழ்நாளில் அவர் என் ஜன்னலுக்கு நோயாளியாக வந்தது அதுதான் முதல் தடவை.

அவருடைய ஊழியர் எண்ணைத் தட்டினேன். திரையில் மஞ்சள் கட்டம் வந்தது. புதன்கிழமைக்குப் பிறகு பூஜ்யம் சார் புது உத்தரவு போட்டிருந்தார்: மே 23 என்று இருப்பவர் யார் எந்த ஜன்னலுக்கு வந்தாலும் பிறந்த தேதியை மறுபடி கேட்டு, அங்கேயே திருத்த வேண்டும். கட்டம் காலியாக இருந்தால் மாத்திரை கிடையாது.

"பிறந்த தேதி?" என்றேன். வேறு வழியில்லை.

அவர் தியேட்டர் கதவைத் திரும்பிப் பார்த்தார். "தெரியாதுங்க" என்றார். "அது தெரிஞ்ச ஒரே ஆள் உள்ள இருக்காங்க. அவங்களுக்கும் குளிர் மட்டும்தான் தெரியும்."

தெரியலைன்னா தெரியலைன்னு எழுதணும் என்று பத்தொன்பது வருஷம் சொன்னவன் நான். எனக்கு எதிரில் சுவரில் நாட்காட்டி தொங்கியது. அதைப் பார்த்து அன்றைய தேதியைத் தட்டினேன். வருஷத்தை மட்டும் கழித்துக்கொண்டேன். கணினி ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டது.

அவர் மாத்திரையை விழுங்கிவிட்டுப் பெஞ்சுக்குப் போனார். உட்கார்ந்திருக்க மாட்டார், கைபேசி 'டிங்' என்றது. எடுத்துப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தடுப்பு, ஜன்னல், வரிசை எல்லாவற்றையும் தாண்டி என்னைப் பார்த்தார். நான் அவசரமாக மாத்திரை எண்ண ஆரம்பித்தேன். அன்றைக்கும் தப்பாகத்தான் எண்ணினேன்.

பதினொன்றே காலுக்குக் கதவு திறந்தது. டாக்டர் ஒரு சின்னப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினார். பதினேழு கல். "பை அழுகிப் போயிருந்தது. அதான் நேரமாச்சு. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா அவ்வளவுதான்" என்றார். சீட்டம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதார். எல்லா வார்டுக்கும் கேட்டிருக்கும்.

மதியம் அக்கா கண் விழித்தபோது நான் வார்டுக்கு மருந்து கொண்டுபோயிருந்தேன். சீட்டம்மா முதலில் கைபேசியைத்தான் அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். அக்கா கண்ணை இடுக்கிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"மண்டல... சுகாதார... இனிய பிறந்தநாள்..." நிறுத்தினார். "இன்னிக்கா?"

"இன்னிக்குத்தான்க்கா."

அக்கா கையை நீட்டி, தங்கை போட்டிருந்த சட்டையின் தையலை விரலால் தடவிப் பார்த்தார்.

"நல்ல நாளா இருக்குடி" என்றார். "இதையாவது யாருக்கும் குடுத்துடாத."